பட்டாளத்தார் வீட்டு மூத்தவள்

அந்தத் தெருவில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பட்டாளத்தார் என்றுதான் சொல்வார்கள். அவர் ஒரு நாளும் ராணுவத்தில் இருந்தவர் அல்ல. மார்க்கெட்டில் கறிக்கடை வைத்திருந்தார். தன் பிள்ளைகள் குளித்துத் தலைவாரி வரிசையாகப் பள்ளிக்கூடம் போவதைக் கடையில் நின்று பார்த்து, "என் பட்டாளம் போகுது பார்" என்று சொல்லிச் சொல்லி, அந்தப் பட்டம் அவர் மேலேயே ஒட்டிக்கொண்டது.

பிள்ளைகளில் மூத்தவளை வீட்டில் எல்லோரும் பெரியக்கா என்றார்கள். அவளுக்குக் கீழே இரண்டு வருஷத்துக்கு ஒன்றாக, சில சமயம் வருஷத்துக்கு ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. இரண்டே அறை, ஒரு நடை, பின்பக்கம் ஒரு குழாய். பாய்களைப் பகலில் சுருட்டிச் சுவரோடு அடுக்கினால் ஜன்னல் பாதி மறைந்துவிடும். அப்பாவின் கத்திகள் துணியில் சுற்றி, யாருக்கும் எட்டாத மேல் தட்டில் இருக்கும். வாசல் கதவு இரும்பு. அவர் வீட்டுக்குள் வந்து அதைச் சாத்துகிற சத்தத்திலேயே அன்றைக்கு வியாபாரம் எப்படி என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

அதிகப் பிள்ளைகளை வளர்ப்பது எப்படி என்பதில் பட்டாளத்தாருக்கு ஒரு திட்டமான கருத்து இருந்தது. அதை அவர் கடைக்கு வருகிறவர்களிடம் கறி வெட்டிக்கொண்டே சொல்வார். "ஒவ்வொண்ணா பிடிச்சு அடிச்சுக்கிட்டிருந்தா நான் எப்போ கடைக்கு வர்றது? மூத்ததை அடிச்சு வெச்சா போதும். மத்ததை அது பார்த்துக்கும்."

அப்படித்தான் நடந்தது. மூன்றாவது பிள்ளை கண்ணாடியை உடைத்தால் பெல்ட் பெரியக்காவின் முதுகில் விழும். ஐந்தாவது பிள்ளை பள்ளிக்கூடத்தில் சண்டை போட்டு வந்தாலும் அவள் முதுகுதான். முதலில் அவள் எதற்கென்று தெரியாமல் அழுதாள். பிறகு எதற்கென்று தெரிந்து அழுதாள். பத்து வயது ஆவதற்குள் அழுகையை விட்டுவிட்டு, அடி வாங்கிய கையோடு தப்புச் செய்தவனைத் தேடிப் போய் அறைந்தாள். அப்புறம் தப்பு நடப்பதற்கு முன்பே அறையப் பழகினாள். கண்ணாடிப் பக்கம் ஒருவன் போனாலே கன்னத்தில் விழும். அவளிடம் வாங்கியவன் தனக்கு அடுத்தவனை உதைப்பான். அவன் அதற்கடுத்தவளைக் கிள்ளுவான். அடி இப்படிப் படி இறங்கிக்கொண்டே போய், அந்தச் சமயத்தில் எது கடைசியோ அந்தப் பிள்ளையிடம் வந்து நிற்கும். அதற்கு அடிக்க ஆள் இருக்காது. அப்படிக் கடைசியில் நின்ற ஒரு பயல் கொல்லைச் சுவரில் நெற்றியை முட்டிக்கொள்வான்.

பக்கத்து வீட்டில் தையல்காரம்மா இருந்தாள். அவளுக்கு ஒரே பிள்ளை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர் என்பதால் எல்லாச் சத்தமும் அவளுக்குக் கேட்கும். குழாயடியில் அம்மாவைப் பார்க்கும்போதெல்லாம் அவள் சொல்வாள்: "துணி எவ்வளவு இருக்குன்னு பார்த்துட்டுத்தான் சட்டை வெட்டணும் அம்மா. இருக்கிறது ஒரு முழம், நீங்க பாட்டுக்கு வெட்டிக்கிட்டே போறீங்க."

இது பட்டாளத்தார் காதுக்கு வந்தபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஒத்தைப் பிள்ளைக்குத் தும்மல் வந்தா அவளுக்கு உயிரே போயிடுது. எனக்கு எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல்னே தெரியாது. யாருக்கு நிம்மதி?"

அம்மாவுக்கு எப்போதும் வயிற்றில் ஒன்று, இல்லையென்றால் மடியில் ஒன்று. பெரியக்காவின் முதுகில் பெல்ட் விழும்போது மடியில் இருக்கிறதன் காதைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள்.

பெரியக்காவுக்குப் பதினேழு வயது நடந்தபோது மார்க்கெட்டில் அந்தச் சண்டை வந்தது. எதிர்க் கடைக்காரர், பட்டாளத்தார் கடையில் கெட்டுப்போன கறி விற்கிறார்கள் என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லியிருக்கிறார். பட்டாளத்தார் மதியம் வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல், நடையில் நின்று ஒரே வார்த்தை சொன்னார். "கிளம்புங்க."

நடக்கத் தெரிந்த எல்லோரும் கிளம்பினார்கள். எதிர்க் கடைக்காரரும் அவருடைய மைத்துனரும் கடையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பேச்சே இல்லை. பெரியக்காவுக்கு அடுத்தவன், தராசுப் பக்கம் இருந்த எடைக்கல்லை எடுத்து, நின்ற இடத்திலிருந்தே வீசினான். அது கடைக்காரரின் காதுக்கு மேலே பட்டது. அவர் கையில் இருந்த வாளியோடு அப்படியே சரிந்தார். மைத்துனர் கறி மாட்டுகிற கொக்கியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தபோது பெரியக்கா அவர் தலைமுடியை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்தாள். சின்னதுகள் அவர் காலில் விழுந்து கடித்தன. அவர் கத்துவதை நிறுத்தும்வரை அவள் பிடியை விடவில்லை. கழுவி விட்ட தண்ணீரோடு ரத்தம் சேர்ந்து சிமெண்டுத் தரையில் ஓடிச் சாக்கடைச் சல்லடையில் சுழித்துக்கொண்டு நின்றது. ஆட்டு ரத்தம் போகிற அதே வழி.

அன்றைக்குப் பட்டாளத்தார் எல்லோருக்கும் ஆளுக்கொரு கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். பாட்டிலைப் பிடித்துக்கொண்டு தெருவில் வரிசையாக வந்தார்கள். வழியில் எல்லோரும் ஒதுங்கி நின்றார்கள். எதிர்க் கடைக்காரருக்கு ஒரு காது கேட்காமல் போனது; ஆனால் அவர் புகார் கொடுக்கவில்லை. தையல்காரம்மாகூட, "நாளைக்கு என் பிள்ளையை ஒருத்தன் அடிச்சா கேக்க யார் இருக்கா? அந்த விஷயத்துல அவர் நிறையப் பெத்துக்கிட்டது சரிதான்" என்றாள். அன்று வீட்டில் யாருக்கும் அடி விழவில்லை. பெரியக்காவுக்குச் சந்தோஷமாக இருந்தது. விரலிடுக்கில் சிக்கியிருந்த மயிரைக் குழாயடியில் கழுவும்போதுகூடச் சந்தோஷமாகவே இருந்தது.

அதற்கு மூன்று வருஷம் கழித்துப் பதினோராவது பிரசவம். பெரியக்கா அதற்குள் ஒரு சலவை ஆலையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ஹோட்டல் படுக்கை விரிப்புகளை நீராவி இஸ்திரியில் கொடுத்து வாங்குகிற வேலை. ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து அவளைத்தான் கூப்பிட்டான். குழந்தை பிறந்துவிட்டது, பெண். ஆனால் அம்மாவுக்கு ரத்தம் நிற்கவில்லை. கட்டிலுக்குக் கீழே ஒரு தட்டு வைத்திருந்தார்கள். அது நிரம்பி வழிந்திருந்தது.

நர்ஸம்மா அவளைத் தள்ளிக்கொண்டு போய்ச் சொன்னாள். "கர்ப்பப்பையை எடுத்தாகணும். இல்லைன்னா பிழைக்க மாட்டாங்க. அவங்க ஒத்துக்க மாட்டேங்கறாங்க. நீயாவது சொல்லு."

அம்மாவின் உதடு காகிதம் போல வெளுத்திருந்தது. பெரியக்கா குனிந்து, "எடுக்கட்டும்மா. பதினொண்ணு போதாதா?" என்றாள்.

"வேணாம்டி. அது போயிட்டா எனக்கு வேற வழியில்லை."

"என்ன வழி?"

அம்மா கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "நீ வயித்துல வர்றதுக்கு முன்னாடி அவர் எப்படி அடிப்பார்னு உனக்குத் தெரியாது. ஒரு தடவை தாடை கழண்டு போச்சு. நீ உண்டானதும் நிறுத்திட்டார். உண்டாயிருக்கிறவளையும் பால் குடுக்கிறவளையும் தொடறதில்லைன்னு அவருக்கு ஒரு வைராக்கியம். நீ பால் மறந்ததும் திரும்ப ஆரம்பிச்சார். அப்போதான் எனக்குப் புரிஞ்சுது."

பெரியக்கா நிமிர்ந்து நின்றாள். தெருவே என்னென்னவோ சொல்லியிருந்தது. ஆசை அடங்கவில்லை என்றார்கள், அறிவில்லை என்றார்கள், கொடுத்து வைத்தவள் என்றுகூட ஒன்றிரண்டு பேர் சொன்னார்கள். அம்மாவோ அடிக்குப் பயந்து ஒன்றன்பின் ஒன்றாகப் பதினோரு பேருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறாள். அவளுக்கு விழாத அடியெல்லாம் எங்கே விழுந்தது என்பதைப் பெரியக்காவின் முதுகைத் திருப்பிப் பார்த்தாலே தெரியும்.

அம்மாவின் கழுத்தை நெரிக்க வேண்டும்போல இருந்தது அவளுக்கு. நர்ஸம்மாவைப் பார்த்து, "நான் கையெழுத்துப் போடறேன். எடுத்துடுங்க" என்றாள்.

அம்மா பிழைத்தாள். வீட்டுக்கு வந்ததும் கடைக்குட்டியை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டவள், விடவே இல்லை. குழந்தை நடந்தது, பேசியது, தெருவில் ஓடியது. அம்மா கூப்பிட்டு வைத்துப் பால் கொடுத்தாள். கடைக்குட்டி நான்கு வயதில் கையில் ரொட்டியைக் கடித்துக்கொண்டே மடியில் வந்து படுக்கும். "அடுத்த வருஷம் அவளைப் பள்ளிக்கூடத்துல சேர்க்கும்போது நீங்களும் கூடப் போய் உட்காருங்க" என்று தையல்காரம்மா சிரித்தாள். பெரியக்கா மட்டும் சிரிக்கவில்லை. பால் வற்றிக்கொண்டு வருவது அவளுக்குத் தெரியும். ஒரு நாள் கடைக்குட்டியே முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போய்விட்டது. பட்டாளத்தார் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே, காலை ஷிப்ட் முடிந்து பெரியக்கா வந்தபோது வீடு சத்தமில்லாமல் இருந்தது. இத்தனை பேர் இருக்கிற வீட்டில் அப்படி ஒரு அமைதி நல்லதுக்கு வராது. அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தம்பிகளும் தங்கைகளும் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சமையலறைத் தரையில் அம்மா ஒருக்களித்துக் கிடந்தாள். காதிலிருந்து வந்த ரத்தம் தோள்வரை இறங்கிக் காய்ந்திருந்தது. ஒரு பல் அவள் கைக்குப் பக்கத்திலேயே கிடந்தது. மேஜைக்கு அடியில் கடைக்குட்டி தன் முழங்கையைத் தானே கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"என்னாச்சு?"

கடையில் அப்பாவோடு வேலை செய்கிற பெரிய தம்பிதான் சொன்னான். "சாப்பாடு ஆறிப்போயிருந்துச்சு."

அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. இருபது வருஷத்துக்கும் மேலாகத் தள்ளி வைத்ததையெல்லாம் பட்டாளத்தார் நிதானமாகத் தீர்த்தார். பெரியக்கா, தம்பியைக் கடைக்குப் பின்னால் நிறுத்திக் கேட்டாள்.

"நீ ஒரு வார்த்தை சொன்னா அவர் கேப்பார்டா."

"அது அவங்க ரெண்டு பேர் விஷயம்க்கா. நாம நடுவுல போகக் கூடாது."

"அம்மா செத்துடுவாடா."

தம்பி கத்தியைத் தீட்டிக்கொண்டே சொன்னான். "நம்மை அடிச்சப்போ அவங்க நடுவுல வந்தாங்களா? உன் முதுகைக் கேட்டுப் பார்."

அவளுக்கும் அம்மா மேல் அதே ஆத்திரம் இருந்தது. அந்த ஆத்திரத்தோடேயே தினமும் வீட்டுக்குப் போய் அம்மாவின் காயத்துக்கு மருந்து போட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், எல்லோரும் வீட்டில் இருக்கும்போது, பட்டாளத்தார் அம்மாவின் முடியைப் பிடித்து அடுப்பை நோக்கித் தள்ளினார். அடுப்பில் தீ எரிந்துகொண்டிருந்தது. அம்மா கையை ஊன்றித் தடுத்தாள். கை பாத்திரத்தின் விளிம்பில் பட்டுச் சுட்டது. பிள்ளைகள் சுவரோரம் போய் நின்றார்கள்.

பெரியக்கா அப்பாவிடம் போகவில்லை. நேரே பெரிய தம்பியிடம் போய், அவன் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். அவளைவிட ஒரு முழம் உயரமானவன், உரித்த முழு ஆட்டைத் தனியாளாகத் தூக்குகிறவன், அப்படியே உட்கார்ந்துவிட்டான். அடுத்தவனை அறைந்தாள். அதற்கடுத்தவள் அடி விழுவதற்கு முன்பே கையைத் தூக்கிக்கொண்டாள்.

"பிடிங்க அவரை" என்றாள் பெரியக்கா.

பிடித்தார்கள். அம்மா மேல் இருந்த இரக்கத்தாலோ, அப்பா மேல் இருந்த கோபத்தாலோ அல்ல, பெரியக்கா சொன்னதற்காக. அவள் கை ஓங்கினால் அவர்கள் உடம்பு தானாகவே நடக்கும். பெரிய தம்பி அப்பாவின் நெஞ்சில் முழங்காலை ஊன்றினான். இரண்டு பேர் காலைப் பிடித்தார்கள். அவர் உதைத்ததில் ஒருத்தியின் மூக்கு உடைந்தது; அவள் விடவில்லை. இழுத்துக்கொண்டு நடைக்கு வந்தார்கள். பெரியக்கா அவருடைய வலது கையை இரும்புக் கதவின் கீல் பக்கத்து இடுக்கில் வைத்து, கதவை முழு உடம்பாலும் மோதிச் சாத்தினாள். எலும்பு நொறுங்குகிற சத்தம் அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சத்தம்தான். தினமும் கடையில் கேட்பது. கதவைத் திறந்தாள். திரும்ப ஒருமுறை சாத்தினாள்.

பட்டாளத்தார் முதல் தடவை கத்தினார். இரண்டாவது தடவைக்கு அவரிடம் குரல் இல்லை.

அம்மா சமையலறையிலிருந்து தவழ்ந்து வந்து, அவர் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். பிறகு பெரியக்காவைப் பார்த்து, "நீ நல்லா இருப்பியாடி? அது சோறு போட்ட கை" என்றாள்.

ஆஸ்பத்திரியில், கடை ஷட்டர் விழுந்துவிட்டது என்று பட்டாளத்தார் சொன்னார். மூன்று விரல்கள் அதன்பின் மடங்கவில்லை. கடை பெரிய தம்பி கைக்குப் போனது. அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அம்மா சாப்பாட்டைப் பிசைந்து ஊட்டினாள். அடிக்க முடியாமல் போனதற்காக அவர் ஒருமுறைகூடப் பெரியக்காவைத் திட்டவில்லை. கட்டுப் பிரிக்கிற அன்று, மடங்காத விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவளிடம் சொன்னார். "என்ன ஒழுங்கு. ஒரே சொல்லு, எல்லாம் வரிசையா வந்து பிடிச்சுதுங்க பார். தப்பா வளர்க்கலை நான்."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எந்தப் பெல்ட்டும் அவளை அந்த அளவுக்கு அடித்ததில்லை.

அதற்குப் பிறகுதான் அவள் வீட்டைக் கவனித்துப் பார்த்தாள். அவள் வேலையிலிருந்து வந்து கதவைச் சாத்தினால் பேச்சு நின்றுவிடுகிறது. பாத்திரம் கீழே விழுந்தால் எல்லோரும் அப்பாவைப் பார்ப்பதில்லை, அவளைப் பார்க்கிறார்கள். ஒரு நாள் கொல்லைக் கொடியில் காய்ந்த துணியை எடுக்க அவள் கையைத் தூக்கினாள். கீழே விளையாடிக்கொண்டிருந்த கடைக்குட்டி அப்படியே நின்று, நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டது. பெரியக்கா துணியை எடுக்காமல் உள்ளே போனாள். அந்த வாரமே ஒரு பையில் சாமான்களைப் போட்டுக்கொண்டு, சலவை ஆலைக்குப் பின்தெருவில் ஒரு மாடி அறைக்குக் குடிபோனாள். அம்மா வாசலுக்கு வரவில்லை. அப்பாவைச் சுற்றி உட்கார்ந்திருந்த பிள்ளைகளும் எழுந்து வரவில்லை.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆலையில் கூட வேலை செய்த பெண்கள் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளைப் பற்றித்தான் பேசுவார்கள். ஒன்று போதும் என்பாள் ஒருத்தி, ஒன்றுக்கு ஒன்று துணை வேண்டாமா என்பாள் இன்னொருத்தி. அவளைக் கேட்டால், "நான் பெறாமலே பத்து வளர்த்தாச்சு. வளர்த்த லட்சணமும் பார்த்தாச்சு" என்று சொல்லிவிட்டு டிபன் டப்பாவை மூடுவாள். அவர்கள் அதை வேடிக்கை என்று நினைத்துச் சிரிப்பார்கள்.

எட்டு வருஷத்துக்கு மேல் ஓடியது. பெரிய தம்பிக்குக் கல்யாணமாகி அந்த வீடு திரும்பவும் பிள்ளைகளால் நிரம்பியது. ஒரு நாள் மாலை, மாடிப்படியில் பதிமூன்று வயதுப் பெண் ஒருத்தி புத்தகப் பையோடு உட்கார்ந்திருந்தாள். முழங்கையில் இருந்த பல் தழும்புகளை வைத்துத்தான் பெரியக்காவுக்கு அது கடைக்குட்டி என்று தெரிந்தது.

"அங்கே படிக்க இடமில்லை" என்றாள் கடைக்குட்டி. "இங்கே இருந்துக்கட்டுமா?"

"அம்மா விட்டாங்களா?"

"நான் கேக்கலை."

இருந்தாள். பெரியக்கா ஒரு நாளும் அவள் மேல் கை வைக்கவில்லை. ஆனால் பேச்சு எல்லாம் உத்தரவுதான். எழுந்திரு, கழுவு, படி, விளக்கை அணை. கடைக்குட்டி முதலில் கேட்டுக்கொண்டாள், அப்புறம் முறைத்தாள். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வரவில்லை என்று பெரியக்கா தேடிக்கொண்டு போனாள். ஒரு தோழி வீட்டு வாசலில் நான்கைந்து பெண்களோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவளை, எல்லோர் முன்னாலும் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

அறைக்குள் வந்ததும் கடைக்குட்டி வெடித்தாள். "நீ என்ன அப்பாவா?"

"குரலைத் தாழ்த்து."

"அப்பாகூடப் பரவாயில்லை. அடிச்சு முடிச்சிட்டுச் சாப்பிடப் போயிடுவார். நீ எப்போ அடிப்பேன்னு நான் ஒவ்வொரு நிமிஷமும் பார்த்துக்கிட்டே இருக்கணும்."

சொல்லிக்கொண்டே மேஜையில் இருந்த தட்டை எடுத்து வீசினாள். அது பெரியக்காவின் புருவத்தைக் கிழித்துக்கொண்டு போய்ச் சுவரில் விழுந்தது. ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது.

கடைக்குட்டி பின்வாங்கிச் சுவரில் சாய்ந்தாள். முழங்கையை வாயில் வைத்துக்கொண்டாள். விழப்போகிற அடிக்காகக் காத்திருந்தாள்.

பெரியக்காவின் வலது கை தானாக மேலே போயிற்று. அதை அவளே மற்றொரு கண்ணால் பார்த்தாள். ஒரு நொடி யாருடைய கை என்றே தெரியவில்லை. பிறகு அந்தக் கையைக் கீழே கொண்டுவந்து, நாற்காலியில் வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். ரத்தம் மோவாயிலிருந்து சொட்டி மடியில் விழுந்தது. தெருவில் ஒரு வண்டி போன சத்தம் தேய்ந்து மறைந்தது.

"ஒரு துணி எடுத்துக்கிட்டு வா" என்றாள் பெரியக்கா கடைசியில்.

கடைக்குட்டி எடுத்து வந்தாள். கிட்டே வரப் பயந்து, கையை நீட்டி, தூரத்திலிருந்தே புருவத்தில் அழுத்தினாள்.

கிளினிக்கில் தையல் போட்ட பெண், "யார் அடிச்சது?" என்று கேட்டாள்.

"தங்கச்சி."

அந்தப் பெண் ஓரமாக நின்ற கடைக்குட்டியை நம்பாமல் பார்த்தாள். "இவளா?"

"ஆமா. நல்ல குறி" என்றாள் பெரியக்கா.

திரும்பி வரும் வழியில் கடைக்குட்டி கேட்டாள். "ஏன் திருப்பி அடிக்கலை?"

"அடிக்கணும்னுதான் இருந்துச்சு."

கொஞ்ச தூரம் போனதும், கடைக்குட்டி பெரியக்காவின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். மறுநாளும் சண்டை போட்டார்கள். அதற்கு அடுத்த வாரமும் போட்டார்கள். கடைக்குட்டி கத்துவாள், பெரியக்காவும் கத்துவாள், கீழ் வீட்டுக்காரர் தடியால் கூரையை இடிப்பார். முழங்கைத் தழும்புகள் மட்டும் புதிதாக வரவில்லை.

தையல் பிரிக்கிற வாரத்தில் அம்மா அறைக்கு வந்தாள். யார் சொன்னார்களோ, படியேறி மூச்சு வாங்க வந்து நின்றாள். புருவத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். கடைக்குட்டியைப் பார்த்தாள்.

"உட்காரும்மா" என்றாள் பெரியக்கா.

அம்மா அறையைச் சுற்றிப் பார்த்தாள். ஒரு கட்டில், ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. "இவ்வளவு இடத்துல ரெண்டே பேரா?" என்று கேட்டாள். இரண்டு அறையில் பதிமூன்று பேரை அடுக்கியவளின் கேள்வி அது. பெரியக்காவுக்குச் சிரிப்பு வந்தது.

"உன்னை நான் மன்னிக்கலை" என்றாள் அம்மா.

"நானும் உன்னை மன்னிக்கலைம்மா. சாப்பிடு."

அம்மா சாப்பிட்டாள். தட்டைக் கழுவி வைத்தாள். வெயில் தாழட்டும், அப்புறம் கிளம்புகிறேன் என்று சொல்லித் தரையில் படுத்தாள். அந்த வீட்டில் அம்மா எப்போதும் முழங்காலை வயிற்றோடு மடக்கிச் சுருண்டுதான் தூங்குவாள். இங்கே சற்று நேரத்தில் மல்லாந்து, கையையும் காலையும் நாலு பக்கமும் பரப்பிக்கொண்டு, வாயைத் திறந்து குறட்டை விட்டாள். பெரியக்காவும் கடைக்குட்டியும் கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, அவளுக்கு இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள்.